அண்ணன் மகனுக்கு உணவே மருந்தானது, எனக்கு ஏன் ஆகாது?

கேள்வி: எனக்கு 33 வயது, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து ஆறேழு மாதம் அதற்கே மருந்து சாப்பிட்டேன். கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்த பிறகுதான் பெருங்குடலில் புண், 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார்கள். குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை எடுக்கிறேன். எட்டு மாதமாக ரத்தம் இல்லை. ஆனால் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் பருப்பு, காய்கறி, பால், முட்டை, மீன், காரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இட்லி, தயிர்சாதம், கஞ்சி மட்டும்தான். 58 கிலோ இருந்தவள் 47க்கு வந்துவிட்டேன். முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என் அண்ணன் மகனுக்கு 13 வயது, அவனுக்கு குரோன்ஸ் என்ற குடல் நோய். எட்டு வாரம் வெறும் சத்துப் பானம் மட்டும் கொடுத்தே அவனைத் தேற்றிவிட்டார்கள். அதே மாதிரி எனக்கும் உணவாலேயே சரியாகாதா? தெரிந்தவர் ஒருவர் 48 நாள் பத்தியம் சொல்கிறார், அதை ஆரம்பித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார். மாமியார் தினமும் காலையில் மஞ்சள்பொடி கலந்த வெந்நீர் தருகிறார். நான் என்ன சாப்பிடலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டை நிறுத்தியது போதும், அதைத் திரும்பத் தொடங்குங்கள். குடல் நோய்ப் பிரிவில் உணவியல் ஆலோசகராக இருப்பவள் என்ற முறையில் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவை இந்த இரண்டும்தான். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நோயின் பெயர் இல்லை. அந்த 11 கிலோதான். ரத்தம் நின்று எட்டு மாதம் ஆன ஒருவருக்கு இவ்வளவு எடை குறையக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் உணவைப் பார்த்தால் பட்டினிதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படி ஊகித்துவிட்டு இருந்துவிட முடியாது. உள்ளே அழற்சி இன்னும் இருக்கிறதா, ரத்தசோகை எந்த அளவில் இருக்கிறது, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதை உங்கள் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அடுத்த மாதாந்திரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் எடை குறைந்ததைச் சொல்லுங்கள். எட்டு மாதமாக என்ன சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'எல்லாம் சரியாகத்தான் சாப்பிடுகிறேன்' என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்து உண்மையைச் சொல்பவர்கள் நிறையப் பேர்.

சரி, அண்ணன் மகன் விஷயத்துக்கு வருவோம். நியாயமான கேள்வி அது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு குரோன்ஸும் இன்னொருவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் வருவது உண்டு, இரண்டும் சொந்தக்கார நோய்கள்தான். ஆனால் ஒன்றுக்குக் கேட்கும் வைத்தியம் மற்றதற்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. குரோன்ஸ் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் அது தாக்கும். உங்கள் நோய் பெருங்குடலில் மட்டும், அதிலும் உள் சவ்வில் மட்டும் இருப்பது. குரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வேறெதுவும் கொடுக்காமல் திரவ உணவு மட்டும் கொடுப்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முதல் கட்ட சிகிச்சை. நோயை அடக்குவதில் அது ஸ்டீராய்டுக்கு ஈடாக நிற்கிறது. ஸ்டீராய்டு போல் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுப்பதும் இல்லை. குடலில் உள்ள நுண்ணுயிர்களை அது மாற்றுகிறது என்பது தெரிகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இதே முறை அப்படிப் பலன் தரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தப் பையன் எட்டு வாரமும் பட்டினி கிடக்கவில்லை. அவன் குடித்த ஒவ்வொரு டம்ளரிலும் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு இரும்பு, எவ்வளவு துத்தநாகம் என்று அளந்துதான் கொடுத்திருப்பார்கள். அவன் எடைக்கும் வயதுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்திருக்கும். அந்தச் சிகிச்சையில் குழந்தைகளுக்கு எடை கூடும். நீங்கள் செய்வது அதற்கு நேர் எதிர். அவனுக்கு 'சாப்பாட்டை நிறுத்தினார்கள்' என்று வெளியிலிருந்து பார்த்து நினைத்துவிட்டீர்கள், உண்மையில் அவனுக்கு முழுச் சாப்பாடு போட்டார்கள். அப்புறம், எட்டு வாரம் முடிந்த பிறகு அவனுக்கு மருந்தே இல்லை என்று நினைக்காதீர்கள், அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள். நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ள பெரும்பாலும் ஒரு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் நோயிலும் உணவை வைத்து ஆராய்ச்சி நடக்காமல் இல்லை, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தி, கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் கொடுத்தார்கள். பிறகு அந்த உணவுமுறையை மட்டும் தொடர வைத்தார்கள். ஒரு வருடம் வரை நல்ல பலன் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு அது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வரவில்லை. மருந்தின் மேல்தான் உணவு வந்து சேர்ந்தது.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும்? இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. நோய் அடங்கிய நிலையில் மெசலமைன் எடுத்துவந்தவர்களை அமெரிக்காவில் இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்டார்கள். ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 89 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். சரியாக எடுக்காதவர்களில் 100க்கு 39 பேர்தான். ரத்தம் நின்றுவிட்டது என்பதால் நோய் போய்விட்டது என்று ஆகாது, இது நீறு பூத்த நெருப்பு. நீங்கள் நன்றாக இருப்பதே அந்த மாத்திரை வேலை செய்வதால்தான். 48 நாள் பத்தியம் சொல்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 49ஆவது நாள் உள்ளே அழற்சி இல்லை என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தை வைத்துச் சொல்லும் கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை இருக்கிறது, கொலனோஸ்கோப்பி இருக்கிறது. இரண்டும் இல்லாமல் 'குணமாகிவிட்டது' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பத்தியத்தோடு பெயர் ஒட்டாத பொடி ஏதாவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நாலு நாளில் அபார குணம் தெரியும், அதற்கான விலையை எலும்பும் சர்க்கரையும் பிறகு கொடுக்கும்.

'நான் ஏதோ தப்பாகச் சாப்பிட்டுத்தான் வந்ததோ' என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது. பரம்பரைக் கூறு, குடல் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல், இதெல்லாம் சேர்ந்துதான் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்க ஆரம்பிக்கிறது. நீங்கள் சாப்பிட்ட காரக் குழம்பு இந்த நோயைக் கொண்டுவரவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று சொல்லும் பேச்சையும் விடுங்கள். லூதியானாவில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2003இல் வந்தது, அதிலேயே லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது.

எந்த உணவு இந்த நோயோடு தொடர்புடையது என்பதற்கு 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்கிறேன். இந்தியாவையும் சேர்த்து 21 நாடுகளில் ஒரு லட்சத்து 16 ஆயிரம் பேரைப் பல வருடம் கவனித்தார்கள். தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திப் பொட்டலத்தில் வரும் உணவை ஒரு நாளைக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு, நாளைக்கு ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்த நோய்கள் வரும் ஆபத்து 80 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் பால் பொருட்கள், இறைச்சி, காய், பழம், பருப்பு இவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் பட்டியலை ஒருமுறை பாருங்கள். குற்றம் சாட்டப்படாதவற்றைத்தான் வரிசையாக வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

அப்படியானால் எதை விடலாம்? கடையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 466, 407, 433 என்று எண்கள் இருக்கும். 466 என்பது கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ், 433 பாலிசார்பேட் 80, 407 கராஜீனன். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல், வழவழப்பாக இருக்கச் சேர்ப்பவை. இவற்றில் 466, 433 இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்தபோது குடலின் சளிப் படலம் மெலிந்து நுண்ணுயிர்கள் குடல் சுவரை நெருங்கின என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டில் குளிர்பானம், பாக்கெட் நூடுல்ஸ், கிரீம் வைத்த பேக்கரி கேக், உறையவைத்த நக்கெட்ஸ், சாஸேஜ் இவற்றை விட்டால் உடம்புக்கு எந்த நஷ்டமும் இல்லை. பருப்பை விட்டால் நஷ்டம் உண்டு. அதனால்தான் ஒன்றை விடச் சொல்கிறேன், மற்றதைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறேன்.

அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2024இல் தந்த ஆலோசனையில், தடை ஏதும் இல்லாத குடல் அழற்சி நோயாளிகள் எல்லோருக்கும் மத்திய தரைக்கடல் நாட்டு உணவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காய், பழம், பருப்பு வகை, மீன், கொட்டைகள் அதிகம், சிவப்பு இறைச்சியும் சர்க்கரையும் பொட்டலச் சாமானும் குறைவு, அவ்வளவுதான். சாம்பார், இரண்டு பொரியல், கீரை மசியல், மீன் குழம்பு, தயிர் என்று இருக்கும் நம் இலை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சோற்று மலையைச் சிறிதாக்கி மற்றதைப் பெரிதாக்கினால் இன்னும் பக்கத்தில் வரும்.

இனி உங்கள் சமையலறைக்கு வருகிறேன். 47 கிலோ எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும். இழந்ததை மீட்க வேண்டியிருப்பதால் 55, 60 வரை போகலாம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான். இட்லி, தயிர்சாதம், கஞ்சி என்று மூன்று வேளையும் கூட்டினால் 30ஐத் தொடுவதே கஷ்டம். முடி கொட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

முட்டையில் ஆரம்பியுங்கள். முதல் மூன்று நாள் தினம் ஒரு வேகவைத்த முட்டை, வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை மலம் போனது, ரத்தமோ சளியோ இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். வயிறு 'கடமுட' என்றால் அதையும் எழுதலாம், ஆனால் அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். வாயு வேறு, புண் வேறு. எட்டு மாதமாகப் பருப்பையே பார்க்காத குடல், பருப்பைப் பார்த்ததும் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். அடுத்த மூன்று நாளில் பாசிப்பருப்பு: பெருங்காயம், சீரகம் போட்டுக் குழைய வேகவைத்து மசித்து, சாதத்தில் நெய்யோடு. அதன்பின் காய். தோல் சீவிய சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, கேரட், நன்றாக வெந்ததாக இருக்கட்டும். அப்புறம் மீன், குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ, வறுக்காமல். பிறகு கீரை மசியல். பழத்தில் வாழை, பப்பாளி, சப்போட்டா. இதெல்லாம் உள்ளே போன பிறகு கடைசியாகத் துவரம்பருப்பு, சுண்டல் வகைகள், முட்டைக்கோஸ். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் கொடுத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் உங்கள் தட்டு பழையபடி நிறைந்துவிடும்.

பாலைப் பொறுத்தவரை, தயிர் ஒத்துக்கொள்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பாலை அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். வயிறு உப்பி, நீராகப் போனால் பால் சர்க்கரை செரிக்கவில்லை என்று அர்த்தம். நம்மில் பெரியவர்கள் பலருக்கு இது உண்டு, கொலைட்டிஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றும் ஆகாவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். மிளகாயும் அப்படித்தான். நோய் அடங்கியிருக்கும்போது அளவான காரம் புண்ணை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆசனவாயில் எரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் சாப்பிடும் இட்லி, கஞ்சி, தயிர்சாதத்தைத் தவறான உணவு என்று சொல்லவில்லை. அவை நோய் மீண்டும் கிளம்பும் நாட்களுக்கானவை. ரத்தமும் வயிற்றுப்போக்கும் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அவர் மருந்தைச் சரிசெய்யும் வரை நார் குறைந்த இந்த உணவோடு முட்டை, இடியாப்பம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ் என்று இருங்கள். அடங்கியதும் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள், அதுதான் பிரச்சினை. உங்கள் அண்ணன் மகனுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவைப்படலாம். குரோன்ஸில் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்தால் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், மக்காச்சோளம், பலாச்சுளை, ஆரஞ்சுச் சக்கை போன்றவை அங்கே அடைத்துக்கொள்ளும். ஸ்கேனில் அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் தண்ணீரைப் பற்றி. மாமியார் அக்கறையோடு தருகிறார், குடிப்பதில் தீங்கில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த நோயில் சோதிக்கப்பட்ட பொருள்தான். ஜப்பானில் 2006இல் வந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. நாம் சமையலில் போடும் மஞ்சளில் குர்குமின் 100க்கு 3 பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் மஞ்சள்பொடியில் 100 மில்லிகிராம்கூடத் தேறுவது சந்தேகம். 2 கிராமுக்கு 60, 70 கிராம் மஞ்சள்பொடி தின்ன வேண்டியிருக்கும், அது நடக்காத காரியம். மாத்திரையாக வருவதை நீங்களாக வாங்காதீர்கள், சிலருக்கு அது கல்லீரலைப் பாதித்திருக்கிறது. வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம். மாமியாரிடம் நான் கேட்பது வேறொன்று: மஞ்சள் தண்ணீரோடு அந்த முட்டையையும் அவர் கையாலேயே வேகவைத்துக் கொடுக்கட்டும். 'சூடு' என்று அவர் தடுத்தால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

பள்ளியில் கழிப்பறை தூரமாக இருக்கிறது என்பதற்காகவே காலையில் சாப்பிடாமல் போகும் ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து சாப்பிட்டு, வயிறு ஒருமுறை போன பிறகு கிளம்புங்கள். தலைமையாசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லாமலேயே 'குடல் பிரச்சினை இருக்கிறது, வகுப்பு நடுவில் ஐந்து நிமிடம் தேவைப்படலாம்' என்று சொல்லி வைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, மலத்தில் கால்ப்ரொடெக்டின் இவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். படியேறும்போது மூச்சு வாங்குவது இரும்புக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அழற்சி இன்னும் இருந்தாலோ ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போயிருந்தாலோ மாத்திரையைவிட நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது நல்லது. மாத்திரையே கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மூட்டு வலி, தலைவலி என்று டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், அவை நோயைக் கிளப்பிவிடலாம், பாராசிட்டமால் போதும். ரத்தம் மீண்டும் தெரிந்தாலோ, இரவில் எழுந்து மலம் போக வேண்டி வந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். காய்ச்சலோடு வயிறு உப்பி வலித்தாலோ, ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.